ஒரு வாரண்டியும் அய்யனாரின் இடது காதும்

நான் ஒரு மனிதரைக் காதோடு சேர்த்து அறைந்து செவிடாக்கினேன். ஒரு வாஷிங் மெஷினுக்குப் போட்ட கூடுதல் வாரண்டிக்காக!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். வரப்புத் தகராறு, தேர்தல் சண்டை என்று ஏதாவது ஒன்று. காரணம் இவ்வளவு அற்பமாக இருப்பதால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

அவர்தான் முதலில் என் சட்டையைப் பிடித்தார் என்று எல்லோரிடமும் சொன்னேன். மேனேஜரிடம் சொன்னேன், போலீஸிடம் சொன்னேன், கட்டிய மனைவியிடமும் சொன்னேன். பொய்! அவர் என் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்றாவது ஒரு நாள் ஒரு கடையில் நிற்பீர்கள். ஃபிரிட்ஜோ டிவியோ பார்த்து, பேசி, முடித்துவிட்டு மூச்சு விடுவீர்கள். அப்போது என்னைப் போல் டை கட்டிய ஒருவன் வந்து, "எக்ஸ்டென்டட் வாரண்டி போட்டுக்கிடுறீங்களா சார்?" என்று கேட்பான். அந்த நொடியில் உங்களுக்குள் ஒரு சின்னப் பயம் புரளும். அந்தப் பயத்தைக் கிளப்புவதுதான் என் பிழைப்பு. அதில் நான் கெட்டிக்காரன்.

அவர் பெயர் அய்யனார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "ஏலே அய்யனாரு" என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பா அவருடைய அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார். இந்தத் தாளில் மட்டும்தான் "அவர்" என்று எழுதுகிறேன். எழுதும்போதுகூடக் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறது... என்ன பிறவி நான்!

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எங்களுக்குக் கரிசல் காடு இருந்தது. அய்யனாரின் குடும்பம் அந்தக் காட்டில் வேலை பார்த்தது. மழை ஏமாற்றி ஏமாற்றிக் காடு தரிசாகப் போனபோது அவர்கள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார்கள். நான் சிவகாசியில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன். காடு போயிற்று. எங்கள் வீட்டு ஆண்களின் கைத்திமிர் மட்டும் போகவில்லை.

என் அப்பா வேலையாட்களை அடிப்பார். பருத்தி எடுக்கும்போது யாராவது அசந்து நின்றால் போதும், அவர் கையில் இருக்கும் விளாறுக் குச்சிதான் பேசும். அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். "இன்னைக்கு யாரு?" என்று கேட்டபடியே அம்மா சோறு போடுவாள். அவரும் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பிசைவார். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் அம்மா அதைக் கேட்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்... இதைச் சாக்காகச் சொல்கிறேனா? ஆமாம், கொஞ்சம் சாக்காகத்தான் சொல்கிறேன்.

கடையில் சேர்ந்த புதிதில் எங்களை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். கூடுதல் வாரண்டியை எப்படி விற்பது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வாரண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வரும். அதன் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், எதற்கெல்லாம் வாரண்டி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். வேதிப்பொருள், தொழிற்சாலைத் தூசி, உலோகத் தூள்... இவை பட்டுப் பழுதானால் செல்லாது.

"உங்க ஏரியாவுல அந்தப் பக்கத்தை நீங்களாப் புரட்டிக் காட்ட வேண்டாம்" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் சிரித்தோம். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சிவகாசியில் உலோகத் தூள் படியாத வீடு எது? பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர்கள், அந்த மருந்தைப் பட்டாசுக்குள் செலுத்துகிறவர்கள் எல்லோர் மேலும் மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூள் அப்பியிருக்கும். குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளியாக மின்னும். சட்டையில், அரைஞாண் கயிற்றில், காது மடலில், பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் கன்னத்தில்! அந்த ஊரில் நின்றுகொண்டு அந்த வாரண்டியை நான் விற்றேன்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், போனஸ் போட்ட கையோடு அய்யனார் வந்தார். கூடவே அவர் மனைவி முத்துமாரி, எட்டாவது படிக்கிற மகள் பவித்ரா.

"சின்ன மொதலாளி, துணி தொவைக்கிற மெஷின் ஒண்ணு வேணும்" என்றார்.

"யாருக்குலே, ஒனக்கா?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முத்துமாரியின் கையைப் பிடித்து என் முன் நீட்டினார். அந்த அம்மா வெட்கப்பட்டு முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. உள்ளங்கை முழுவதும் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"என் கம்பெனித் துணியத் தொவச்சுத் தொவச்சு இப்பிடி ஆயிப்போச்சு. மருந்தோட மல்லுக்கட்ட நான் ஒருத்தன் போதுங்க. இவ மருந்தத் தொடவே கூடாதுன்னு கலியாணத்தன்னைக்கே சொல்லிட்டேன். வேனுல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆனா துணி வழியா வீட்டுக்கே வந்துருச்சே! மெஷினுன்னா தொட வேண்டியதில்லல்ல?"

"தொடவே வேண்டாம்" என்றேன்.

கவனியுங்கள். மருந்துத் துணியைத் துவைக்கத்தான் வாங்குகிறேன் என்று அந்த மனிதர் தன் வாயால் சொல்லிவிட்டார். மருந்து பட்டால் வாரண்டி செல்லாது என்பது எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்ததும் தெரியும், கையைப் பார்த்ததும் தெரியும். எனக்குத் தெரியாது என்று ஒரு கடவுளின் முன்னாலும் நான் சொல்ல முடியாது!

மெஷினை எடுத்து முடித்ததும் என் வேலையை ஆரம்பித்தேன். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி கம்பெனியே தருகிறது, ஆனால் போர்டு போய்விட்டால் என்ன செய்வாய், கரண்ட் ஏறி இறங்கினால் என்ன செய்வாய், மதுரையிலிருந்து ஆள் வர வேண்டுமே என்று அடுக்கினேன். அவர் முகம் மாறியது. முத்துமாரி "வேண்டாம்ங்க" என்று அவர் முழங்கையை இடித்தாள்.

"மூணு வருசத்துக்கு மெஷினுக்கு என்ன ஆனாலும் நாங்க பாத்துக்கிடுவோம்லே" என்றேன்.

"என்ன ஆனாலுமா?"

"என்ன ஆனாலும்."

அவர் கையெழுத்துப் போட்டார். விரல் பட்ட இடத்தில் தாள் மினுங்கியது. பவித்ரா அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதுல என்னென்னமோ எழுதியிருக்கே அண்ணே..." என்று இழுத்தாள். அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, மூடி, உறைக்குள் போட்டேன். "அதெல்லாம் சும்மா பாப்பா" என்றேன். அந்தக் குழந்தை இன்னும் இரண்டு பக்கம் புரட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை.

மெஷின் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. முத்துமாரியின் கைகூட ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு நாள் சுற்றாமல் நின்றுவிட்டது. சர்வீஸ்காரர் வந்து பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துடைத்திருக்கிறார். விரல் வெள்ளியாக வந்திருக்கிறது. "உலோகத் தூள் பாதிப்பு, வாரண்டி பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அய்யனார் கடைக்கு வந்தார். நாளைக்கு வா என்று அனுப்பினேன். மறுபடி வந்தார். நான் குடோனுக்குள் போய் நின்றுகொண்டு, லீவு என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்துவிட்டார். குளிக்கவில்லை. தலைமுடியெல்லாம் சாம்பலும் வெள்ளியுமாக இருந்தது. வாரக் கூலி வாங்குகிற நாள் என்பதால் கடையில் நல்ல கூட்டம்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்தார். முதலில் எனக்குச் சுரீரென்றது அதுதான். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் வாசலோடு நிற்பார். இங்கே என் கண் எதிரில், சோபாவில்!

அதே சோபாவின் மறுமுனையில் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. ஃபிரிட்ஜ் எடுத்திருந்தார்கள். வாரண்டித் தாளை நீட்டிவிட்டு நான் பேனாவைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அய்யனார் அந்தப் பையனின் நகத்தைப் பார்த்தார்.

"தம்பி, எந்தக் கம்பெனில வேல பாக்கீக? மருந்து ரூமா?"

அவன் ஆமாம் என்றான்.

"அப்ப இதுல கையெழுத்துப் போடாதீக. நம்மள மாதிரி மருந்துக்காரகளுக்கு இது செல்லாது. நான் ஏமாந்துட்டேன்."

மேனேஜர் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். என் காதுகள் சூடாயின.

"ஏலே, எந்திரி. வெளிய போ" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. கையைக்கூட ஆட்டாமல் பேசினார்.

"மெஷினு போனாப் போகுதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் பொண்டாட்டி கையக் காமிச்சு, கம்பெனித் துணிக்குத்தான்னு சொல்லித்தான வாங்குனேன். அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் பேசாமப் போயிருறேன்."

ஒரு வார்த்தை! ஐயா, அவர் கேட்டது அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. புது மெஷின் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை.

நான் அறைந்தேன்.

அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கையைக் குவித்துத் தோளிலிருந்து இறக்கிய அடி அது. காதின் மேலேயே விழுந்தது. சத்தம் கடை முழுவதும் கேட்டது. அவர் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்து, தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெரியுமா, தெரியாதா?" என்று மறுபடியும் கேட்டார்.

அதே இடத்தில் மறுபடியும் அறைந்தேன். பொத்தியிருந்த அவர் கையோடு சேர்த்து. கீழே விழுந்தவரின் நெஞ்சில் மிதித்தேன். என் ஷூவின் தடம் அந்தத் தூள் படிந்த சட்டையில் அச்சாகப் பதிந்தது. அப்போதும் அடங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஸ்டெபிலைசரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். மேனேஜர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருக்காவிட்டால் நான் கொலைகாரன். இதில் சந்தேகமே இல்லை. போடத்தான் தூக்கினேன்.

சுவரில் இருந்த அத்தனை டிவியிலும் ஒரே பெண் ஒரே பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். அய்யனாரின் காதிலிருந்து ரத்தம் மெல்லிசாக இறங்கி, கழுத்தில் இருந்த வெள்ளித் தூளில் கோடு போட்டது.

எனக்கு அப்போது எப்படி இருந்தது தெரியுமா? சுகமாக இருந்தது! இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கோ இழந்த காடு ஒன்று திரும்பக் கிடைத்தது போல இருந்தது. பயமும் வெட்கமும் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது சுகம்.

கடைப் பையன்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படியில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் என்னிடம் திரும்பி, "யாரு மொதல்ல கை வச்சது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. "அவன்தான் சட்டையப் பிடிச்சான்" என்றேன். சொல்லிக்கொண்டே என் சட்டைப் பொத்தானை நானே பிடித்து இழுத்து அறுத்தேன். "கேமரா ரிப்பேருன்னு சொல்லிக்கிடலாம்" என்றார் மேனேஜர்.

அந்தப் புதுமண ஜோடி என்ன செய்தார்கள் தெரியுமா? கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே கணவனின் கையில் பேனாவைத் திணித்தாள். அன்றைக்கு அந்த வாரண்டியும் விற்றது!

நான் சொன்ன பொய் எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். என் சித்தப்பா ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார். என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். ஏறினேன்.

அய்யனாரின் தெருவுக்குள் வண்டிகள் நுழைந்ததும் ஆட்கள் கதவைச் சாத்தினார்கள். அவர் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தார்கள். அய்யனார் காதில் பஞ்சு வைத்துப் பாயில் படுத்திருந்தார். எழுந்து நிற்க முயன்று, தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பய சட்டையில கை வைக்கிற அளவுக்குத் துளுத்துப் போச்சாலே ஒங்களுக்கு!" என்று சித்தப்பா கத்தினார்.

"அய்யா, இவரு யாரையும் தொடலைங்க" என்று முத்துமாரி குறுக்கே வந்தாள். ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் நிலைப்படியில் மோதி உட்கார்ந்தாள்.

அப்போது அய்யனார் என்னைத்தான் பார்த்தார். சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அடிக்க ஓங்கியவனைப் பார்க்கவில்லை. வாசலில், வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொல்லு என்று அந்தக் கண்கள் கேட்டன. நான் சாவியைத் திருகிக்கொண்டு கீழே குனிந்தேன்.

வாஷிங் மெஷினைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். சித்தப்பாவின் ஆள் ஒருவன் கடப்பாரையால் போட்டான். முதல் அடியில் மூடி சிதறியது. அடுத்தடுத்த அடிகளில் உடம்பு பிளந்து, உள்ளே இருந்த தொட்டி வெளியே உருண்டது. பவித்ரா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மெஷின் உடைந்ததற்கு அந்தப் பிள்ளை அலறவில்லை. அடுத்த அடி அப்பாவுக்கு என்று நினைத்து அலறியது.

அய்யனாரை அன்று யாரும் அடிக்கவில்லை. மெஷினை உடைத்ததோடு சித்தப்பாவின் மனது ஆறிவிட்டது. ஊருக்குள் அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள்!

ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் புகார் போயிற்று. இரண்டு பக்கமும் சமாதானமாகப் போவதாக எழுதிக் கொடுத்தார்கள். நான் பொத்தான் அறுந்த சட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே நம்பினார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து, அய்யனார் வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன் டிவி எடுக்கக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் நான்தான் கேட்டேன், அய்யனார் என்ற ஆள் அங்கே இருக்கிறானா என்று.

"நிப்பாட்டிட்டோமே! இடது காது சுத்தமாக் கேக்கல. ரூமுல ஒரு பொறி தட்டுச்சுன்னா 'ஓடு'ன்னு ஒரு சத்தம்தான். எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான எதிர்ப்பக்கம் ஓட முடியும்? பின்னால நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். இடப்பக்கம் நிக்கேன், அவன் வலப்பக்கம் திரும்பித் தேடுறான். அவனை வச்சிக்கிட்டா கூட இருக்கிற நாலு உசிருக்கு யாரு பதில் சொல்றது?"

"இப்ப என்ன செய்யுறான்?"

"வீட்டுல இருக்கான். அவன் பொண்டாட்டி வருது. அதே ரூமுதான், அதே மருந்துதான். நல்லா வேல பாக்குது."

அவருக்கு டிவி பில் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது... நடுங்கவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் ஒன்று உறைத்தது. அடித்துவிட்டு வந்த அப்பாவின் கையும் இப்படித்தான் தண்ணீரில் நின்றிருக்கும். குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றேன். மனைவி வந்து மூடினாள். என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அந்த மனிதர் உலகத்தில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தன் மனைவி மருந்தைத் தொடக் கூடாது. அதற்காகத்தான் என் கடைக்கு வந்தார். என்னிடம் வந்ததால்தான் அவள் வேனில் ஏறினாள்! நான் எங்கே சுற்றிவந்தாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரண்டியை வாங்கலாமா, வேண்டாமா?

முதல் வருடத்துக்குத் தயாரித்த கம்பெனியே பொறுப்பு. அதற்கு மேல் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு புத்தகத்தை வாங்குகிறீர்கள். அந்தப் புத்தகத்தில், வாரண்டி செல்லாது என்பதற்கு, உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிற ஒரு வரி எங்கோ இருக்கும். உங்கள் வீட்டு எலி, உங்கள் ஊர் உப்புத் தண்ணீர், உங்கள் வேலையின் தூசி... அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விற்கிறவன் வாயைப் பார்க்காதீர்கள். செல்லாத பக்கத்தை முதலில் காட்டு என்று கேளுங்கள். அவன் கை புத்தகத்தைப் புரட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய விலை கொடுத்து வாங்கும் டிவித் திரைக்கு ஒருவேளை உதவலாம். மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் உங்கள் தெருவில் ஒரு ரிப்பேர்க்காரர் இருந்தால் அவரே போதும்.

பார்த்தீர்களா? எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! முகம் தெரியாத உங்களுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு புரள்கிறது. அன்று அந்த மனிதருக்கு மட்டும் ஏன் புரளவில்லை? அதே இடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால், மழுப்பியிருப்பேன், சிரித்திருப்பேன், காப்பி வாங்கிக் கொடுத்திருப்பேன். அறைந்திருக்கமாட்டேன். அய்யனார் கேட்டதால் அறைந்தேன். இதுதான் என் குற்றத்தின் அடிவயிறு.

பிரச்சினை ஆறட்டும் என்று முதலாளி என்னைச் சாத்தூர்க் கடைக்கு மாற்றினார். அய்யனாரும் ஊரில் இருக்க முடியாமல் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போன மாதம், மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அய்யனார்.

தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கதவின் பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"வாங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"வாஷிங் மெஷினு பாக்கணும் சார்" என்றார்.

சார்! என்னைத் தெரியாதவர் போல அப்படிக் கூப்பிட்டார். அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. முன்பின் தெரியாத கடைக்காரனிடம் பேசுகிற சொல், அவ்வளவுதான்.

மெஷின்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூடியைப் பிடித்த அவருடைய கைகளில் இப்போது வெள்ளித் தூள் இல்லை. உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரல் நுனிகள் வெடித்திருந்தன. முத்துமாரி இன்னும் மருந்து ரூமுக்குத்தான் போகிறாள், வீட்டில் இப்போது துவைக்கிறவர் இவர்தான் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஒரு மெஷினுக்குள் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. நான் அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். மெஷினைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன்.

ஏன் வந்தேன்? இடம் இல்லையா? வலப்பக்கம் வேண்டிய இடம் இருந்தது!

"அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன், உதட்டுக்குள்ளேயே.

அவர் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் வித்தேன். நீங்க என்னைத் தொடலை. நான்தான் அடிச்சேன்... என்னை மன்னிச்சிருங்க."

முழுவதையும் சொல்லிவிட்டேன். என் வாய் அசைவது கண்ணோரத்தில் பட்டிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து, முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"என்னமோ சொன்னீங்களே சார்? கேக்கல."

அந்தக் காது எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நல்ல காது. நான் அடிக்காத காது.

"வாரண்டி போட்டுக்கிடுறீகளான்னு கேட்டேன்" என்றேன்.

அவர் மெஷினின் மூடியை மூடினார்.

"வேண்டாம் சார்" என்றார். "மருந்துத் துணி தொவைக்கத்தான்."

நான் பில் போடப் போனேன்.